நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு புள்ளி

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பத்து நாள் ஆக்கிரமிப்புக்குப் பிறகு நம் வீட்டு ஃபிரிட்ஜின் நடுத்தட்டு, நேற்று மாலை நான்கு மணி பதினேழு நிமிடத்துக்குப் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. முதல் தக்காளியை அம்மா வைத்தாள். நான் எழுந்து நின்று கை தட்டினேன். அப்பா செய்தித்தாளை இறக்கி, "என்னடா அங்க சத்தம்?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். வேறு அசம்பாவிதம் ஏதுமில்லை.

அந்தத் தட்டில் குடியிருந்த உன் ஜெல்லிப் பெட்டி நல்லபடியாக ஆய்வகம் போய்ச் சேர்ந்ததா? விடுமுறைக்கு வந்தவள் சும்மா இருக்காமல் அம்மாவின் பெரிய பாத்திரத்தைப் பிடுங்கி, ஜெலட்டினையும் ஏதோ வெள்ளைப் பொடியையும் காய்ச்சி ஊற்றி, மேலே "இது மனித உடம்பு, தொடாதே" என்று எழுதி ஒட்டினால், வந்து போகிறவர்கள் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? குளிர்ந்த தண்ணீர் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அத்தை ஃபிரிட்ஜைத் திறந்தார், அந்தச் சீட்டைப் படித்தார், தாகம் போய்விட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இனி வழக்குகள். போனில் பேச மாட்டேன், எதுவானாலும் தேதி போட்டு, கையெழுத்து வைத்து எழுது என்ற உன் உத்தரவுப்படியே இந்தக் கடிதம். உன் தலைமைப் பொறியாளர் குரலில் நான் ஒரே ஒரு தடவைதான் பேசினேன். "நாளைக்கே கிளம்பி வாங்கம்மா, அவசரம்" என்றதும் நீ பெட்டியும் கையுமாகப் பேருந்து நிலையம் வரை போவாய் என்று யார் கண்டது? திறமைசாலிகளை இந்த உலகம் இப்படித்தான் தண்டிக்கிறது.

அடுத்தது காணாமல் போன உன் ஒற்றைக் கம்மல். கிளம்புகிற நேரத்தில் வாசலில் நின்று, "மரியாதையா எடுத்துக் குடுத்துடு" என்றாய். அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், செருப்பு அலமாரி இருந்தது. நீ பார்த்தது என்னை மட்டும். எனக்கும் மூன்று மாதமாகத் தொண்டையில் கம்மல், போகவே மாட்டேன் என்கிறது. வேண்டுமானால் இதை எடுத்துக்கொண்டு கணக்கை முடி.

சந்தேகப்பட்டவனே விசாரணையை ஏற்றுக்கொள்கிறான் என்பதைக் கவனி. இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு குண்டூசிகூட இடம் மாறாது. குற்றவாளியைப் பத்தே நாளில் உன் முன் நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
தம்பி
(கையெழுத்து உண்மையானது. சாட்சிக் கையெழுத்து: அம்மா.)


ஜூன் 8

தம்பி,

அம்மாவின் கையெழுத்து எப்போதிலிருந்து இடது பக்கம் சாய்ந்தது?

ஜெல்லி பத்திரமாக வந்து சேர்ந்தது. வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தேன். கம்மலைப் பற்றி நீ எழுதியதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலையில் சேர்ந்த அன்று அம்மா தன் காதிலிருந்து கழற்றிப் போட்டது அது. உனக்கும் தெரியும். மிச்சமிருக்கும் ஒன்றைப் பெட்டியில் பார்க்கும்போதெல்லாம் உன் முகம்தான் ஞாபகம் வருகிறது.

இன்னொரு விஷயம். இதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாததால் உன்னிடம் சொல்கிறேன். என் நிலைமை எப்படி என்று பார்த்துக்கொள்.

வயிற்றில் வைத்து ஸ்கேன் எடுக்கும் கைக்கருவி, புரோப் என்பார்கள், உடம்புக்குள் நமக்குக் கேட்காத ஓர் ஒலியை அனுப்பும். உள்ளே பட்டுத் திரும்பும் எதிரொலியை அறுபத்து நான்கு சின்னக் காதுகள் கேட்கும். அந்தக் காதுகளின் மின்சுற்றுதான் என் வேலை. எல்லாக் காதும் எப்போதும் விழித்திருந்தால் புரோப் சூடாகிவிடும். தோலைத் தொடும் முகப்பு நாற்பத்து மூன்று டிகிரியைத் தாண்டக் கூடாது. பேட்டரியும் சீக்கிரம் தீரும். தோலுக்குப் பக்கத்திலிருந்து வரும் எதிரொலி பலமானது, அதற்கு அரைத் தூக்கத்தில் இருக்கும் காதே போதும். ஒலி கிளம்பி ஐம்பத்திரண்டு மைக்ரோ விநாடியில், அதாவது நான்கு சென்டிமீட்டர் ஆழத்து எதிரொலி வந்து சேரும் நேரத்தில், என் காதுகள் முழுதாக விழிக்கும். வேலை முடிந்ததும் மறுபடி தூங்கும். மின்சாரச் செலவு பாதிக்கும் கீழே. சாப்பாட்டு மேஜையில் இதைச் சொன்னபோது, "எங்க கிளாஸ்லயும் இதே டெக்னிக்தான்க்கா" என்றாயே, அதுதான்.

திங்கட்கிழமை திரையில் ஒரு புள்ளி வந்தது. நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றே கீழே, பளிச்சென்று. நானே காய்ச்சி நானே ஊற்றிய ஜெல்லி, அதற்குள் ஒன்றுமே கிடையாது. ஒரே சீரான சாம்பல்தான் தெரிய வேண்டும். தலைமைப் பொறியாளர் பார்த்துவிட்டு, "காது முழிக்கிறப்போ தானே ஒரு சத்தம் போட்டு, அதையே கேக்குதும்மா. இல்லாத கல்லை இருக்குன்னு காட்டுற மெஷினை ஆஸ்பத்திரிக்குக் குடுக்க முடியுமா?" என்றார். இந்த ஜெல்லி மாதிரியே, உடம்புக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கக் கடையில் வாங்கிய கட்டி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் அடுத்த கட்டிடத்தில் ஆகஸ்ட் வரை மாட்டிக்கொண்டிருக்கிறது. ஜூலை எட்டில் முடிவெடுக்கிறார். அதற்குள் புள்ளி போகாவிட்டால் என் மூன்று வருட வேலை அலமாரிக்குப் போகும். பென்சிலுடைய சுற்றை எடுத்துக்கொள்வார்கள்.

பென்சில் என் பக்கத்து மேஜைக்காரர். ஆள் ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் வடிவமைத்த காதுகள் தூங்குவதே இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை புரோப்பை ஆற வைக்க வேண்டும். ஆனால் புள்ளி கிடையாது.

செவ்வாயன்று என் புள்ளி இல்லை. புதனன்று மறுபடி இருந்தது. இரண்டு நாளும் நான் எதையும் மாற்றவில்லை.

அக்கா


ஜூன் 13

மாண்புமிகு அக்கா,

புள்ளி வைத்த மர்மத்தை என்னிடம் ஒப்படைத்ததற்கு நன்றி. முற்றுப்புள்ளி வைக்காமல் விட மாட்டேன்.

சில கேள்விகள். புள்ளி உருண்டையா, தட்டையா? ஓரம் நெளிநெளியாகத் தெரிகிறதா? நன்றாக உற்றுப் பார்த்தாயா? பெரிதாக்கிப் பார்த்தாயா? உன் காதுகள் நீ நினைக்கிற அளவுக்கு மோசமில்லையோ என்று எனக்கு ஏனோ தோன்றுகிறது. இது நிபுணரின் உள்ளுணர்வு, கட்டணமில்லை.

நீ ஆட்களைப் பார்ப்பதில்லை, அதுதான் உன் குறை. உன் சுற்று போனால் யாருக்கு லாபம்? பென்சிலுக்கு. பக்கத்து மேஜையில் இருப்பது யார்? பென்சில். உன் கணினியை எட்டித் தொடக்கூடியவர் யார்? பெயரை இரண்டு தடவை எழுதிவிட்டேன், மூன்றாவதாகவும் எழுதினால் அவரே கூர் மழுங்கிப் போய்விடுவார். ஒரு நோட்டில் தேதிவாரியாகக் குறித்து வை: அன்று யார் முதலில் வந்தார், புள்ளி இருந்ததா, இல்லையா. அவர் முதலில் வந்த நாளில் எல்லாம் புள்ளி இருந்தால் ஆள் அகப்பட்டார். முகத்தையே பார்க்காமல், இத்தனை மைலுக்கு அப்பால் உட்கார்ந்து கண்டுபிடித்துக் கொடுக்கிறேன். இப்படியொரு தம்பி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கம்மல் வழக்கின் முன்னேற்ற அறிக்கை: அம்மாவின் தலைமையில் சோபா தூக்கப்பட்டது. கிடைத்தவை: பேனா மூடி ஒன்று, சட்டைப் பொத்தான் இரண்டு, அப்பா போன வருடம் என் மேல் பழி போட்ட ரிமோட் ஒன்று. அப்பா இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. "நீதான் ஒளிச்சு வச்சு, நீயே எடுத்திருப்ப" என்கிறார். சந்தேகம் நம் குடும்ப வியாதி.

துப்பறியும் தம்பி


ஜூன் 19

தம்பி,

நீ சொன்னபடி குறித்தேன். கேலியாகத்தான் தொடங்கினேன். நோட்டு இப்போது என் பைக்குள் பூட்டோடு இருக்கிறது.

வருகைப் பதிவேட்டைப் பார்த்து முந்தைய நாட்களையும் சேர்த்ததில் மொத்தம் ஒன்பது வேலை நாள். ஆறு நாள் புள்ளி இருந்தது. அந்த ஆறு நாளும் அவர்தான் எனக்கு முன்னால் வந்திருந்தார். நான் முதலில் போன மூன்று நாளும் திரை சுத்தம். எழுதி முடித்துவிட்டு அந்த அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணினியின் கடவுச்சொல்லை மாற்றினேன். அதன் பிறகும் புள்ளி வந்தது. மேஜை இழுப்பறையில் ஒரு நூலைச் செருகி வைத்தேன். நூல் வைத்த இடத்திலேயே இருந்தது, புள்ளியும் இருந்தது. கடைசியில் நேராகவே கேட்டேன்: "காலையில என் டேபிள்ல என்ன பண்றீங்க?"

அவர் தடுமாறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகம். "புரோப்புல தடவுற ஜெல் காஞ்சு போய் ஒட்டிட்டிருக்கு, துடைச்சிட்டு புரோப்பை மறுபடி ஸ்டாண்டுல மாட்டி வைக்கிறேன். நீங்க எப்பவும் கொஞ்சம் சாச்சு மாட்டறீங்க. நான் நேரா மாட்டறேன், அவ்வளவுதான்" என்றார். யார் கேட்டார்கள் இந்த உதவியை? ஒரு புரோப்பை நிமிர்த்தி வைத்தால் இல்லாத புள்ளி வந்துவிடுமா?

அதோடு விடவில்லை. "அந்த ஜெல்லிய ஒரு நாள் நான் எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். நான் என் கையால் செய்தது, அதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லாதபோது அது அவருக்கு எதற்கு? இப்போது சாயங்காலம் அதையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஓரம் நெளிநெளியாக இருக்கிறதா என்று ஏன் கேட்டாய்?

அக்கா


ஜூன் 24

அக்கா,

ஓரம் சும்மா கேட்டது. துப்பறிகிறவர்கள் எல்லாரும் ஓரத்தைப் பற்றிக் கேட்பார்கள். அது ஒரு முறை.

நீ நூல் எல்லாம் வைப்பாய் என்று நான் நினைக்கவில்லை. அட்டவணை போடச் சொன்னது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒன்பது நாள் என்பது ரொம்பக் குறைவு இல்லையா? எங்கள் கணக்கு வாத்தியார் ஒன்பதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பார். என் மார்க்கைத் தவிர.

பென்சில் ஜெல்லியைக் கேட்டால் கொடுத்துவிடேன். என்ன ஆகிவிடப் போகிறது? வேண்டாம், கொடுக்க வேண்டாம். அது ஒரு மாதம் ஆன ஜெல்லி, கெட்டுப்போயிருக்கும், நாற்றம் வரும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று காய்ச்சிக்கொள். போடும்போது முழுசாகப் போடாதே, துண்டு துண்டாக வெட்டிப் போடு. குப்பை எடுக்கிறவர்களுக்குச் சுலபம்.

இங்கே எல்லாரும் நலம். அம்மா தினமும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பார்க்கிறாள். குளியலறைக் குழாயின் அடிப்பகுதியை அப்பா கழற்றினார், மாட்டத் தெரியவில்லை. பிளம்பர் நாளை வருகிறார்.

விசாரணை தொடர்கிறது. குற்றவாளியை நெருங்கிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ரொம்பவே நெருங்கிவிட்டேன்.

தம்பி


ஜூன் 29

தம்பி,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். போன கடிதம் முழுக்க பென்சில்தான் என்றாய், இப்போது ஒன்பது போதாது என்கிறாய். ஜெல்லியைத் தூக்கிப் போடு என்கிறாய், வெட்டிப் போடு என்கிறாய். அதே வாரத்தில் அவரும், "வேணும்னா அதை வெட்டிப் பார்த்துடலாமே" என்று தலைமைப் பொறியாளரிடம் சொல்லியிருக்கிறார். நீயும் அவரும் பேசிக்கொள்கிறீர்களா? என் குரலில் அவருக்கு ஏதாவது போன் போட்டாயா? இதைக் கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நான் இனிக் காத்திருக்கவில்லை. அட்டவணையோடு புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருடைய நுழைவு அட்டையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். எட்டாம் தேதி என் சுற்றைப் பற்றி முடிவெடுக்கும்போதே அவர் வேலையில் இருப்பதா போவதா என்பதையும் முடிவு செய்வார்கள்.

நேற்று வாசல் காவலர் கூடவே நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் தன் பொருட்களை ஓர் அட்டைப் பெட்டியில் எடுத்து வைத்தார். என்னோடு சண்டை போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. "உங்க சர்க்யூட் நல்ல சர்க்யூட். புள்ளி அதுல இருந்து வரல. ஜெல்லியப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். கடைசி வரைக்கும் நடிப்பு.

அவர் போன பிறகு, பயத்தில், என் காதுகள் எல்லாவற்றையும் தூங்காமல் விழித்திருக்கும்படி மாற்றிப் பார்த்தேன். புரோப் நாற்பத்தாறு டிகிரி போனது. புள்ளி அப்படியே இருந்தது. இன்று அவர் ஆய்வகத்திலேயே இல்லை, இன்றும் இருக்கிறது. ஏதோ ஒன்றை எங்கேயோ விதைத்துவிட்டுப் போயிருக்கிறார், கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் கடைசியாக மாட்டிய புரோப்பை நான் இன்னும் தொடவில்லை, தடயம் கலைந்துவிடும் என்று.

புகாரில் கையெழுத்துப் போடும்போது ஒரு நிமிடம் தயங்கினேன். உன் ஜூன் பதின்மூன்று கடிதத்தை எடுத்துப் படித்தேன். தைரியம் வந்தது. விளையாட்டுப் பிள்ளைக்கே புரிகிறது, எனக்குப் புரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா


ஜூலை 2
(கூரியரில்)

அக்கா,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்

மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் தொடங்கியிருக்கலாம். ஏற்கெனவே ஐந்து தாள் போய்விட்டது.

உன் கம்மல் ஜெல்லிக்குள் இருக்கிறது.

நேற்று இரண்டு தடவை போன் செய்தேன். "அக்கா, நான்தான், நெஜமாவே நான்தான்" என்றேன். நீ, "இப்ப அழுற குரலும் பழகிட்டியா? நல்லா வருது" என்று வைத்துவிட்டாய். அது நான் பழகின குரல் இல்லை. அம்மாவைப் பேசச் சொல்லலாம் என்று கூடம் வரை போனேன். அவள் சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "நீ சின்னக் கை வச்சிருக்க, கொஞ்சம் விட்டுப் பாரேன்டா" என்றாள். கையை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை என்றேன். இந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு வந்து அவளிடம் சொல்லப் போகிறேன்.

நீ ஜெல்லியை ஊற்றிவிட்டு, ஆறட்டும் என்று குளிக்கப் போனாய். கம்மல் இரண்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தன. ஒன்றை எடுத்துத் திருகாணியைக் கழற்றினேன். நான்கு சென்டிமீட்டரில் காது விழிக்கும் என்று சொல்லியிருந்தாயே, விழித்ததும் முதலில் கேட்பது உன் கம்மலாகவே இருக்கட்டும் என்று ஒரு யோசனை. ஸ்கேலை வைத்து அளந்து ஒரு பென்சிலில் நாலேகால் சென்டிமீட்டரில் கோடு போட்டேன். பாதி உறைந்திருந்த ஜெல்லியில் கம்மலைப் போட்டு, பென்சிலால் அந்தக் கோடு வரை தள்ளினேன். பாத்திரத்தில் மிச்சமிருந்ததை ஒரு கரண்டி மேலே ஊற்றினேன். ஓட்டை மூடிக்கொண்டது. சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருந்ததால் வெளியிலிருந்து எதுவும் தெரியவில்லை. ஆக, இந்தக் குற்றத்தில் ஒரு பென்சிலுக்குப் பங்கு உண்டுதான். அது என்னுடையது.

நீ திரையில் பார்த்ததும், அந்தப் பூ வடிவத்தைக் கண்டுபிடித்து, "அடப்பாவி" என்று கத்தப் போகிறாய் என்று காத்திருந்தேன். உன் மெஷினுக்கு நானே ஒரு பரீட்சை வைத்ததாகப் பீற்றிக்கொள்ள நினைத்தேன். உன் முதல் கடிதம் வந்த அன்று கட்டிலில் புரண்டு சிரித்தேன். பென்சில் என்று எழுதியது, நீ கொஞ்ச நாள் வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்றுதான். நீ நிஜமாகவே பார்த்துவிட்டாய். பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன், ஒவ்வொரு தடவையும் விஷயம் முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. ஜெல்லியை வெட்டச் சொன்னதுதான் என்னால் முடிந்த அதிகபட்ச தைரியம். அதுவும் தைரியம் இல்லை, தற்செயலாக அகப்பட்டதுபோல் இருக்கட்டும் என்ற கணக்கு.

கம்மல் தட்டையானது, உள்ளே எப்படிக் கிடக்கிறதோ தெரியவில்லை. புரோப்பை நேராக வைத்துப் பார்த்தால் தெரிகிறது, சாய்த்து வைத்தால் தெரியவில்லை. அவர் நேராக வைத்திருக்கிறார். அதைத்தான் உன்னிடம் சொல்லியும் இருக்கிறார். அவர் செய்தது அது மட்டும்தான்.

இதைத் தலைமைப் பொறியாளரிடம் அப்படியே காட்டு. தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. அவர் குரலில் பேசியதும் நான்தான் என்று சேர்த்துச் சொல்லிவிடு. ஜெல்லியை வெட்டும்போது அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வை. பென்சிலை. எனக்கு அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வரச் சொன்னால் வருகிறேன், அப்பாவிடமும் சொல்லிவிடுகிறேன். காதுகளை மறுபடி தூங்க விடு. அந்த அறுபத்து நான்கும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நீ, நான், அப்பா யாரும் அந்த அளவுக்குக் கிடையாது.

இதையும் நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். அதனால் கீழே டேப் போட்டு ஒட்டியிருப்பதைப் பார். உன் கம்மலின் திருகாணி. ஒரு மாதமாக என் ஜாமெட்ரி பாக்ஸில் ரப்பருக்கு அடியில் இருந்தது. குண்டூசி இடம் மாறினாலும் எனக்குத் தெரியும் என்று எழுதினேன். தெரியாமல் எப்படி இருக்கும்? முக்கால்வாசி நேரம் மாற்றுகிறவனே நான்தானே.

இப்படிக்கு,
தம்பி

(இந்தத் தடவை சாட்சி யாரும் இல்லை. முதல் கடிதத்தில் இருந்ததும் நான் போட்டதுதான்.)